கம்பித் தட்டியில் பூசணி

அந்தத் தெருவில் பதினான்கு வீடுகள் இருந்தன. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம். அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கி, ஒருவர் பின் ஒருவராகக் கட்டிக்கொண்டு குடிவந்த தெரு. மார்கழி முப்பது நாளும் பதினான்கு வாசலிலும் கோலம் இருக்கும். கோலத்தின் நடுவில் சாணி உருண்டை, அதன் மேல் ஒரு பூசணிப்பூ. ஒன்பது வருஷமாக அத்தனை பூவும் மலர்க்கொடியின் வீட்டிலிருந்துதான் போயின.

அவள் வீட்டுக்கு என்று பெரிய தோட்டம் கிடையாது. பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் சிதம்பரத்தில் இருந்தார், எட்டிப் பார்த்ததே இல்லை. புரட்டாசியில் மலர்க்கொடி தன் சுவர் ஓரத்தில் நாலு விதை ஊன்றுவாள். கொடி சுவரைத் தாண்டிக் காலி மனையில் இறங்கி, முள்ளையும் செங்கல் துண்டுகளையும் மூடிக்கொண்டு ஓடும். மார்கழி பிறக்கும்போது விடிகாலையில் முப்பது, முப்பத்தைந்து பூ மலர்ந்திருக்கும்.

ஐந்து மணிக்குப் பெண்கள் கிண்ணத்தோடு அவள் கேட்டுக்கு வருவார்கள். யாரையும் கொடியில் கைவைக்க விடமாட்டாள். அவளே பறித்து, அவளே கொடுப்பாள். புது மருமகள் வந்த வீட்டுக்கு இரண்டு. வாசல் பெரிதாக இருக்கிற கோடி வீட்டுக்கு மூன்று. பதிலுக்கு யாரிடமும் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. ஆனால் தெருவில் வளைகாப்பு என்றாலும் கிரகப்பிரவேசம் என்றாலும் முதல் பத்திரிகை அவள் வீட்டுக்கு வந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் அவளிடம்தான் வந்து சொன்னார்கள். இதையெல்லாம் அவள் கணவர் தில்லைநாதனும் கவனித்திருந்தார்.

"கவர்ன்மெண்டு ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்ப கொட்டுறேன், என்னை எவனும் மதிக்கல. நீ ஒரு பூசணி வெதைய வெச்சிகினு தெருவையே ஆளுற" என்பார்.

"ஏன், உங்களுக்கும் ரெண்டு பூ தரட்டா?" என்பாள் மலர்க்கொடி.

2009இல் அந்த மனையில் வீடு எழும்பியது. சொந்தக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் ஆரோக்கியராஜ், ஜான்சி. அவர் மின்வாரியத்தில் வேலை. ஜான்சிக்கு முப்பத்திரண்டு வயது, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த மார்கழியில் மலர்க்கொடியின் கொடிக்கு ஓட இடமில்லை. சிமென்ட் சாக்கில் மண் நிரப்பி வளர்த்துப் பார்த்தாள். நாளுக்கு மூன்று பூ வந்தது. முறை வைத்துக் கொடுத்தாள். முறை வராத வீடுகள் செம்பருத்தியைச் செருகிக்கொண்டன.

அந்த வருஷத்தை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். புது வீட்டைப் பார்த்து மனதுக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. சுற்றிலும் சிமென்ட் தரை. பக்கவாட்டில் நாலடி, பின்னால் ஆறடி, அதிலும் பாதியை மோட்டாரும் செப்டிக் டேங்க் மூடியும் பிடித்துக்கொண்டிருந்தன. "தீப்பெட்டியாட்டம் கட்டி வெச்சிருக்காங்க. ஒரு கருவேப்பில கன்னு வெக்க எடமில்ல" என்று பட்டம்மாளிடம் சொன்னாள். பட்டம்மாள் எதிர்வீடு, அறுபது வயது. பேச்சுக்கு எப்போதும் தயாராக இருப்பவள்.

அடுத்த ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜான்சி வீட்டு வாசலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. மலர்க்கொடி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து எட்டு இரும்புச் சட்டங்கள் இறங்கின. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல், மூன்றடி அகலம், சட்டத்துக்குள் சதுரச் சதுரமாகக் கம்பிவலை, வெள்ளை பெயிண்ட். ஜன்னலுக்கு வைக்கிற கிரில் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் வந்தவர்கள் சுவரில் துளை போட்டு, நாலு விரல் இடைவெளி விட்டு, சட்டங்களைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். இரண்டைத் தரையில் கால் ஊன்றி மோட்டாருக்கு முன்னால் மறைப்பாக வைத்தார்கள். அடியில் நீளமாக இரண்டு செங்கல் உயரத்துக்குத் தொட்டி கட்டி மண் கொட்டினார்கள். அன்று ஈரத்துணியில் பாதி வாளியிலேயே கிடந்தது.

மூன்று மாதத்தில் சிமென்ட்டே தெரியவில்லை. சமையலறை ஜன்னல் ஓரம் சங்குப்பூ. வெயில் படுகிற பக்கம் அவரை. பாத்ரூம் குழாய்களை மறைத்து ரங்கூன் மல்லி. மோட்டார் இருந்த இடத்தில் பாகல் இலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜான்சி நோட்டு திருத்தினாள். நாலடி இடம், அதில் எல்லாம் மேலே ஏறிவிட்டது. காற்று வந்தால் சுவரே அசைகிற மாதிரி இருந்தது. தெருப் பெண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"ஏன்டி மலரு, நீ போயி பாக்கல? கம்பித் தட்டின்னு வெச்சிருக்கு பாரு டீச்சரு, உள்ள போனா ஊட்டிக்குப் போன மாதிரி குளுகுளுன்னு இருக்குது" என்றாள் பட்டம்மாள்.

"நீங்க எப்ப ஊட்டிக்குப் போனீங்க?"

"போவல. போனா இப்பிடித்தான் இருக்கும்ங்கறேன்."

மலர்க்கொடி போகவில்லை. போக வேண்டியதும் இல்லை, மாடியிலிருந்தே எல்லாம் தெரிந்தது. அவரையில் எத்தனை கொத்து, பாகலில் எத்தனை பிஞ்சு என்று அவளுக்குக் கணக்கு இருந்தது. ஜான்சிகூட அதை எண்ணியிருக்க மாட்டாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, துணி இல்லாத நாளிலும் மாடிக்குப் போனாள். பொறாமை என்ற சொல் அவள் மனதில் எழவில்லை. இந்தச் சின்ன இடத்துக்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையா, இரும்பு உப்புக்காத்தில் துருப்பிடிக்காதா, பாம்பு வந்து அடையாதா என்று பொதுநலமாகத்தான் யோசித்தாள்.

ஆவணி கடைசியில் ஒரு மாலை, மாடியில் நிற்கும்போது கீழே பட்டம்மாளின் குரல் கேட்டது.

"டீச்சரு, ஒரு உபகாரம் பண்ணுங்க. இந்தக் கம்பியில ரெண்டு பூசணி வெதையும் போட்டு வுடுங்க. மார்கழிக்கு எங்களுக்குப் பூ ஆவும்."

"போட்டா போச்சு பாட்டி. எத்தன வீட்டுக்கு?"

"பதினாலு."

பதினாலு என்றால் மலர்க்கொடியின் வீட்டையும் சேர்த்துத்தான் கணக்கு. மாடிச் சுவரைப் பிடித்திருந்த கைக்கு அடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று தில்லைநாதனிடம் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள். கோயிலுக்கும் போனாள், பொய் சொன்னதாக இருக்கக்கூடாது என்று. கும்பிடும்போதே வெளியே போய் யாரிடம் வழி கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். குட்டியானையின் பின்கதவில் 'சின்னையன் வெல்டிங், பஸ் நிலையம் அருகில், சிதம்பரம்' என்று எழுதியிருந்ததை அவள் மறக்கவில்லை.

சின்னையன் பட்டறை ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்தது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"இங்கதான், பக்கத்துல." கடலூர் என்று வாயில் வரவில்லை.

"என்னா கொடி ஏத்தப் போறீங்க?"

"ஏன், அது எதுக்கு?"

"கனத்துக்குத் தக்கனதான கம்பி போடணும்? கடலூர்ல ஒரு டீச்சரம்மாவுக்கு எட்டு செட்டு போட்டுக் குடுத்தேன். அவுங்க காய்க்கொடின்னு சொன்னாங்க. அதுக்குத் தடிக் கம்பி, சொவத்துல புடிக்க ஒவ்வொண்ணுக்கும் ஆறு கிளாம்பு. அடிக்கடி போன் பண்ணுவாங்க, சந்தேகம் கேப்பாங்க. நல்ல மாதிரி."

பூசணி என்று சொன்னால் இந்த ஆள் அந்த டீச்சரிடம் சொல்லிவிடுவான் என்று மலர்க்கொடிக்கு நிச்சயமாகத் தோன்றியது. இன்னொரு அம்மாவும் உங்களைப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டார்கள் என்பான். அவள் சிரிப்பாள்.

"முல்லைதான்" என்றாள். "முல்லை மட்டும்."

"முல்லைக்கு லைட்டாவே போதும். மெல்லிசு கம்பி, மேல ரெண்டு கிளாம்பு. கீழ சும்மா நிக்கும்."

"போதும்."

அட்ரஸ் கேட்டபோது கடலூர் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. சின்னையன் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார்.

நாலு சட்டங்கள் ஒரு வேலைநாளில், ஜான்சி பள்ளிக்கூடம் போன பிறகு வந்து இறங்கின. தில்லைநாதன் மாலையில் வந்து பார்த்தார்.

"எதுக்கு இவ்வளவும்?"

"பூசணிக்கு."

"பட்டறையில சொன்னியா?"

"எல்லாம் சொல்லிட்டேன்" என்றாள்.

இரண்டு வீட்டுக் கொடியும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தட்டியில் ஏறின. கார்த்திகை நடுவில் இரண்டிலும் பூ வந்தது. ஒரு மாலை ஜான்சி மதில் ஓரம் வந்து கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க கொடி நல்லா வந்திருக்கு. ஒரு சந்தேகம். எங்க வீட்ல டிசம்பர் மாசம் ஸ்டார் கட்டுவோம், கோலமும் போடுவோம், பூ வெக்கற பழக்கம் இல்ல. கோலத்துக்கு எந்தப் பூவ பறிக்கணும்? காம்பு நீளமா இருக்கறதா, கீழ பிஞ்சு இருக்கறதா?"

ஒன்பது வருஷம் பூ கொடுத்தவளுக்கு இதற்குப் பதில் தெரியும். நீளக் காம்புள்ள ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும். கீழே சுண்டைக்காய் அளவுக்குப் பிஞ்சு ஒட்டியிருக்கிற பூவைத் தொடவே கூடாது. அதைப் பறித்தால் காய் போய்விடும்.

"பிஞ்சோட இருக்கறதுதான் டீச்சர் விசேஷம்" என்றாள் மலர்க்கொடி. "வெறும் பூவ ஜாஸ்தி வெக்கக்கூடாதுன்னுவாங்க. பிஞ்சுப் பூ ஒண்ணு விடாம எல்லாத்தையும் எடுத்துடுங்க. பத்தாததுக்கு மத்தது."

ஜான்சி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கணக்குப் போட்டுக் காட்டிய பிள்ளையைப் பார்ப்பது போன்ற பார்வை.

"சரிக்கா" என்றாள்.

அன்று இரவு மலர்க்கொடி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள்.

மார்கழி பிறந்தது. முதல் நாள் பெண்கள் இரண்டு கேட்டுக்கும் பிரிந்து போனார்கள். பட்டம்மாள் இரண்டிலும் வாங்கிக்கொண்டாள். மலர்க்கொடியின் தட்டியில் பன்னிரண்டு பூ இருந்தது, ஜான்சியினுடையதில் பதினைந்து. மூன்றுதான் வித்தியாசம். தவிர மலர்க்கொடியின் தட்டியில் மூன்று காய்கள் தொங்கின. கார்த்திகையில் பிடித்தவை, தேங்காய் அளவைத் தாண்டி உருண்டுகொண்டிருந்தன. ஜான்சி வீட்டில் ஒன்றுகூட இல்லை. பூ வாங்க வந்தவர்களை மலர்க்கொடி உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள்.

"பூ யாரு வேணா பூக்க வெக்கலாம். காய் புடிக்கணுமில்ல?"

மூன்றாம் நாள் அவளுக்கு ஒன்பது பூ வந்தது. ஐந்தாம் நாள் ஆறு. எரு வைத்தாள், அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினாள். காய்கள் பருத்தன, பூக்கள் குறைந்தன. மாடியிலிருந்து பார்த்தால் ஜான்சியின் தட்டி மேலிருந்து கீழ்வரை மஞ்சளாக இருந்தது. நம்ப முடியாமல் இரண்டு தரம் எண்ணினாள். இருபத்தொன்று.

ஏழாம் நாள் விடிகாலை லேசான தூறல். மலர்க்கொடியின் கேட்டில் நாலு பேர்தான் நின்றார்கள். தட்டியில் மூன்றே பூ. அவள் பேச்சை மாற்றினாள்.

"பூ கம்மிதான். ஆனா காயப் பாருங்க. ஒவ்வொண்ணும் அஞ்சு கிலோ வரும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல் கிளாம்பு ஒன்று சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருந்த நாலு சட்டமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்லிய கம்பி வளைந்து, கொடி, காய், ஈர இலை எல்லாவற்றோடும் முன்னால் குப்புற விழுந்தது. ஒரு காய் உடைந்தது. ஒன்று உருண்டு கேட்டுக்கு வெளியே வந்து பட்டம்மாளின் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றது.



"நல்லவேள, யாரு கால்லயும் விழல" என்றாள் பட்டம்மாள். பிறகு கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி வாங்கடி, டீச்சரு வீட்டுக்குப் போலாம். நேரமாவுது" என்றாள்.

நாலு பேரும் போனார்கள். மலர்க்கொடி சரிந்த தட்டியின் முன் நின்றாள். உள்ளேயிருந்து வந்த தில்லைநாதன் வளைந்த கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னாடி இது, கொசுவலை கம்பியா? பட்டறையில பூசணின்னு சொன்னதா சொன்னியே?"

அவள் குனிந்து ஈர இலைகளை விலக்கினாள். அன்று அவள் கோலத்தில் வைத்தது, விழுந்த கொடியில் கசங்காமல் இருந்த ஒரு பூ. மறுநாள் அதுவும் இல்லை. சாணி உருண்டை மட்டும் இருந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்தால் போதும். அவளால் முடியவில்லை.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி மாலை ஜான்சியே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு விடியறதுக்கு முன்னயே நாங்க ஊருக்குப் போறோம். குமராட்சி, எங்க அப்பா வீடு. கிறிஸ்மஸ், நியூ இயர் ரெண்டும் முடிச்சிட்டு ரெண்டாந்தேதி சாயங்காலம் வருவோம். சாவி உங்ககிட்ட இருக்கட்டும். தண்ணி ஊத்தணும், காலைல இவுங்களுக்குப் பூ குடுக்கணும். செய்வீங்களா?"

"குடுங்க" என்றாள் மலர்க்கொடி. சாவியை வாங்குகிறபோது கை சற்று வேகமாகவே நீண்டுவிட்டது.

மறுநாள் விடிகாலை அந்தத் தோட்டத்துக்குள் முதன்முறையாகக் காலடி வைத்தாள். மாடியிலிருந்து பார்த்தது பாதிதான். தட்டிக்கும் சுவருக்கும் இடையில் கை நுழைகிற இடைவெளி, அதில் காற்று ஓடிக்கொண்டிருந்தது. பற்றுக்கொடிகள் கம்பியை இருபுறமும் சுற்றிப் பிடித்திருந்தன. தட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இருபத்து நாலு பூ. ஒரு காய்கூட இல்லை. காம்புகளில் பிஞ்சு கிள்ளிய தழும்புகள் வரிசையாக இருந்தன.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காலி மனையில் கொடி இருபதடி ஓடியது, கணுவுக்குக் கணு வேர் விட்டது, காயும் பிடித்தது, பூவும் பூத்தது. தட்டியில் ஏறின கொடிக்கு ஒரே வேர், ஒரு தொட்டி மண். காய் பிடித்தால் சத்தெல்லாம் காய்க்குப் போய்ப் பூ நின்றுவிடுகிறது. பிஞ்சைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் கொடி விடாமல் பூத்துக்கொண்டே இருக்கிறது. கெடுக்க வேண்டும் என்று அவள் சொன்ன பொய்தான் இந்தச் சுவரை மஞ்சளாக்கியிருக்கிறது.

கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தன் கேட்டுக்கு வந்தாள். ஜான்சியின் கேட்டில் நின்றிருந்த பெண்களை, "இங்க வாங்க, சாவி என்கிட்டதான்" என்று கூப்பிட்டாள். வந்தார்கள். பழையபடி அவள் கை எடுத்துக் கொடுத்தது. கோடி வீட்டுக்கு மூன்று. இந்த வருஷம் மருமகள் வந்த வீட்டுக்கு இரண்டு. இரண்டாம் நாள் யாரும் ஜான்சியின் கேட்டுப் பக்கம் போகவில்லை, நேரே இங்கேதான் வந்தார்கள். அந்தப் பத்து நாளில் ஒருமுறை குழாயில் தண்ணீர் வரவில்லை. பட்டம்மாள் அவளிடம்தான் வந்து சொன்னாள்.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தி, "டீச்சரு எப்ப வராங்க?" என்று கேட்டுவிடுவாள். நாலாம் நாள் அப்படிக் கேட்டது கோடி வீட்டுக்காரி. அன்று உள்ளே போய்ப் பூ பறிக்கும்போது மலர்க்கொடி பிஞ்சுப் பூக்களில் நாலை விட்டுவிட்டாள். பாகல் ஓய்ந்து பூசணி ஏறியிருந்த மோட்டார் தட்டியில், அடியில், பெரிய இலைகளுக்குப் பின்னால் இருந்த நாலு. அவை பருக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அப்போதுதான் கொடி பூப்பது அடங்கும். அதற்குள் டீச்சர் வந்திருப்பாள். பூ நின்றுபோனால் அது அவள் கையில் நின்றதாக ஆகும். தினமும் காலையில் இலையை விலக்கி அவற்றைப் பார்த்தாள். நெல்லிக்காய் ஆயின, எலுமிச்சை ஆயின.

ஜனவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்தரை மணிக்கு ஜான்சி கேக்கும் முறுக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். சாவியை வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப தேங்ஸ்க்கா. பிஞ்செல்லாம் கிள்ளிட்டீங்களா?"

"ம்."

"எங்கப்பாகிட்ட சொன்னேன், நீங்க சொன்னத. ஒரே சிரிப்பு."

"என்னா சொன்னேன்?"

"பிஞ்சுப் பூதான் விசேஷம்னு சொன்னீங்களே. அப்பா கொள்ளிடக் கரையில கொல்லை குத்தகைக்கு எடுத்து வருஷா வருஷம் பூசணி போட்டவரு. நாங்க புள்ளைங்க அஞ்சு பேரும் லீவுல பூசணிக்குத்தான் தண்ணி ஊத்துவோம்."

மலர்க்கொடிக்கு முறுக்குத் தட்டைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா என்னை வந்து கேட்டீங்க?"

"கோலத்துக்கு எது பழக்கம்னுதான் கேட்டேன். அது நெஜமாவே எனக்குத் தெரியாது. நீங்க சொன்னது வேற எதுக்கோன்னு அப்பவே புரிஞ்சுது. ஆனா கம்பித் தட்டியில பூசணி காய்க்க விட்டா எந்தத் தட்டியும் தாங்காது. எப்படியும் பிஞ்சக் கிள்ளத்தான் போறேன். நீங்களும் அதையே சொன்னீங்க, சரின்னுட்டேன்."

ஜான்சியின் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மலர்க்கொடி பதிலுக்குக் கத்தியிருப்பாள், ஒன்பது வருஷக் கதையைச் சொல்லியிருப்பாள், அந்த மனை யாருடைய கொடி ஓடின மனை என்று கேட்டிருப்பாள்.

"கேக்கு முட்ட போட்டதுக்கா. சாமி கும்பிடற நாளா இருந்தா நாளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜான்சி போனாள்.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு மலர்க்கொடி வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்தபோது, பெண்கள் வழக்கம்போல அவள் கேட்டுக்கு வந்து நின்றார்கள். பத்து நாளில் பிடித்த பழக்கம். டீச்சர் வந்துவிட்டது அவர்களுக்கு இன்னும் தெரியாது. எட்டு கிண்ணங்கள். அவள் கையில் கோலமாவு டப்பாதான் இருந்தது.

"குடு மலரு, பனி கொட்டுது" என்றாள் பட்டம்மாள்.

டீச்சர் வந்தாச்சு, அங்கே போங்க என்று சொல்ல வேண்டும். அந்த நாலு வார்த்தை வரவில்லை. கோலமாவு டப்பாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள்.

பக்கத்து கேட் திறந்தது. ஈரத்தலையில் துண்டோடு ஜான்சி வந்தாள். ஒரு கையில் பூக்கூடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. கிண்ணங்களைப் பார்த்தாள், மலர்க்கொடியைப் பார்த்தாள். கூடையை மதில் மேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா, நீங்களே குடுத்துடுங்க. எனக்கு இன்னிக்கு ஸ்கூல் தொறக்குது, ஆறே முக்கால் பஸ்ஸு. தெனம் பறிச்சு இங்க வெச்சிடறேன். காலைல கேட்டுகிட்ட அரை மணி நேரம் நிக்கறது எனக்குப் பெரிய தொல்லையா இருக்குது."

தொல்லை. மலர்க்கொடி அந்தச் சொல்லைக் கேட்டாள். மாடியில் நின்ற மாதங்கள், சிதம்பரம் பஸ், முல்லை என்ற பொய், எல்லாமே அவளுக்கு இந்த அரை மணி நேரத்துக்காகத்தான்.

"இதையும் வெச்சிக்குங்க" என்று ஜான்சி பையை நீட்டினாள். "மோட்டார் தட்டியில நாலு பிஞ்சு இலைக்குள்ள மறைஞ்சிருந்துது. உங்க கண்ணுல படல போல. கிள்ளிட்டேன். கூட்டுக்கு ஆவும்."

பட்டம்மாள் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "அய்ய, எலுமிச்சங்கா சைஸு வந்ததையா கிள்ளுன? பாவம்!"

"விட்டா பூ நின்னுடும் பாட்டி" என்றாள் ஜான்சி. அப்படிச் சொல்லும்போது அவள் மலர்க்கொடியைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டாள். குக்கர் விசில் கேட்டது.

ஒரு கையில் பை, இன்னொரு கையில் டப்பா. கூடையை எடுக்க வேண்டுமானால் எதையாவது கீழே வைக்க வேண்டும். மலர்க்கொடி இரண்டையும் கீழே வைத்தாள். கூடையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கை தானாக வேலையைத் தொடங்கியது. ஒன்று, ஒன்று, மருமகள் வீட்டுக்கு இரண்டு. முகம் எரிந்தது, காது எரிந்தது. ஆனால் கிண்ணங்கள் அவள் பக்கம் நீண்டிருந்தன. அதையும் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"எனக்கு நேத்து மாதிரி ரெண்டு" என்றாள் பட்டம்மாள்.

"நேத்து ஒண்ணுதான் குடுத்தேன். வாசல் ஒண்ணுதான உங்களுக்கு?"

"கஞ்சம்டி நீ. டீச்சரு இருந்தா குடுத்திருக்கும்."

மலர்க்கொடி கூடைக்குள் பார்த்தாள். நன்றாக விரிந்த பெரிய பூவாக ஒன்றை எடுத்துப் பட்டம்மாளின் கிண்ணத்தில் இரண்டாவதாக வைத்தாள்.

எல்லோரும் கலைந்தபோது கூடையின் அடியில் ஒரு பூ மிச்சம் இருந்தது. காம்பு நீளமான பூ. அவள் அதை எடுத்துச் சாணி உருண்டையின் மேல் செருகினாள். சாய்ந்தது. மறுபடி நேராக நிறுத்தினாள்.

எதிர்வாசலில் குனிந்து பூவைச் செருகிக்கொண்டிருந்த பட்டம்மாள் நிமிர்ந்தாள்.

"நாளைக்கும் இங்கதான வரணும் மலரு?"

மார்கழி முடிய இன்னும் பதினோரு நாள். பதினோரு நாளும் அந்த மதில் மேல் கூடை வந்து உட்காரும். அதை அவள் கை நீட்டி எடுக்க வேண்டும்.

"இங்கதான்" என்றாள் மலர்க்கொடி. "அஞ்சு மணிக்கு வந்துடுங்க. லேட்டா வந்தா ஒண்ணுதான்."